ஐம்பதுக்கும் ஒன்றுக்கும் நடுவில்

போன மாதம் பதுளையில் ஒரு கல்யாண வீட்டில் நம் வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே மேசையில் மாட்டிக்கொண்டோம். முட்டி வலி, சர்க்கரை வியாதி, மருமகள்மார் எல்லாம் பேசி முடிந்ததும் வழக்கமான பாட்டு ஆரம்பித்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேலையில் மனசு நிற்பதில்லையாம். சாப்பிடும்போதும் போன், படிக்கும்போதும் போன். நாமெல்லாம் எடுத்த காரியத்தை முடிக்காமல் தலை நிமிர்ந்திருப்போமா என்று ஒருவர் மார் தட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு பாயாசம் குடித்தேன். சபையில் சண்டை போடுகிற வயது எனக்குப் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தானே, வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

தலை நிமிராமல் ஒரே வேலையை நானும் செய்திருக்கிறேன். என் ஆயுசில் ஒரு நாள்.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில்தான் எங்கள் லயம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பராக்கள், வீட்டுக்கு ஓர் அறை. நான்காவதில் நாங்கள், ஐந்தாவதில் அத்தை வீடு. இரத்த உறவு ஒன்றும் கிடையாது. அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை, அவ்வளவுதான். அத்தை மகளுக்கும் என் வயது, பதினொன்று. எங்கள் வீட்டில் ஒன்றரை வயதுத் தம்பி, அவர்கள் வீட்டில் பத்து மாதப் பாப்பா. இரண்டையும் இடுப்பில் சுமந்தே எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பக்கம் சாய்ந்த நடை வந்திருந்தது.

காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழம் திறந்து கிடக்கும். அது வழியாக அடுப்புப் புகை போகும், கருவாட்டு வாசம் வரும், புருஷன் பெண்டாட்டி சண்டை இரண்டு பக்கமும் போய் வரும். நானும் அத்தை மகளும் பாதிப் பேச்சைச் சுவருக்கு மேலாகத்தான் பேசுவோம். சுட்ட மரவள்ளிக் கிழங்கைத் துண்டு துண்டாக எறிந்து பிடிப்போம். ஒருத்தி கூப்பிட்டு மற்றவள் பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது, அடி வாங்கிக்கொண்டிருந்தால்கூட.

அடி வாங்குவது பெரும்பாலும் நான்தான். லயம் முழுக்க எனக்கு இருந்த பெயர் பராக்கு. ஊற்று விழுகிற பீலியில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னால், குடத்தைப் பீலிக்குக் கீழே வைத்துவிட்டு, வளைவில் லொறி பின்னுக்கு வருவதை வேடிக்கை பார்த்துவிட்டு வெறும் கையோடு வீட்டுக்கு வருவேன். ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டு வெளியே எட்டிப் பார்ப்பேன், திரும்பினால் கரி. பிள்ளையார் பிடிக்கப் போனவள் குரங்கோடாவது வருவாள், இவள் அதையும் பாதி வழியில் விட்டுவிட்டு வருவாள் என்று அம்மா சொல்லும். எனக்கும் வெட்கம்தான். ஆனால் கண் கேட்காது. பார்ப்பதற்கு அவ்வளவு இருந்தது அந்த மலையில்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. லயத்துக்கு லயம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவியது. மாரியம்மாளுக்குக் கோபம், ஆடி மாதம் பொங்கல் வைக்காமல் விட்ட குறை என்றார்கள் பெரியவர்கள். பீலிக்கு மேட்டில் இருந்த கக்கூஸ் மழையில் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அதைத் தினம் தாண்டிக்கொண்டுதான் எல்லோரும் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்தார்கள். எனக்கே அது உறைக்க முப்பது வருஷம் ஆயிற்று.

எங்கள் வீட்டில் முதலில் விழுந்தது அம்மா. விடியற்காலையில் தோட்டத்து லொறியில் சாக்குப் படங்கை விரித்துப் படுக்க வைத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அப்பாவும் கூடவே ஏறினார். நன்றாக இருக்கிற பிள்ளையை அந்த இடத்துக்கு ஏன் கொண்டு போவது என்று தம்பியை என்னிடம் விட்டார்கள். அம்மாவுக்குக் குரல் பாதிதான் வந்தது. என் கையைப் பிடித்து, "இன்னிக்காவது பராக்குப் பாக்காதடி" என்றது. லொறி வளைவைத் தாண்டிப் போனதும் நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் போய், லயம் காலியாகி ஒரு மணி நேரம் இருக்கும். தம்பிக்கு ஆரம்பித்தது. நாலு தடவை போனான், மூன்று தடவை வாந்தி எடுத்தான். அதற்குள் கண் குழிக்குள் இறங்கிவிட்டது. அழுதான், ஆனால் கண்ணீர் வரவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

நல்ல வேளையாகத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா குடையும் பெட்டியுமாக லயம் லயமாக வந்துகொண்டிருந்தார். தம்பியின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிப்பாக அப்படியே நின்றது. லொறி போய்விட்டது, சேலைன் தீர்ந்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அடுப்படியில் கேத்தலில் இருந்த ஆறிய சுடுதண்ணீரை ஒரு சாராயப் போத்தலில் ஊற்றி, ஒரு கை சீனி, மூன்று விரலால் அள்ளின உப்பு போட்டுக் குலுக்கினார். என்னைச் சாக்கில் உட்கார வைத்து, தம்பியை மடியில் கிடத்தி, அலுமினியக் கரண்டியைக் கையில் கொடுத்தார்.

"ஒரு கரண்டி குடு. அம்பது எண்ணு. அடுத்த கரண்டி குடு. வாந்தி எடுத்தா நூறு எண்ணிட்டு மறுபடி குடு. யாரு வந்து தடுத்தாலும் நிப்பாட்டாத. நிப்பாட்டுனா பிள்ள போயிரும்."

போத்தல் முடிந்தால் இதே மாதிரி கலந்துகொள், சாயந்தரம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழ் லயத்துக்கு ஓடினார். போகிற வழியில் பக்கத்துக் காம்பராவில் யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டது எனக்குக் கேட்டது. அப்படி யாரும் இல்லை என்று அத்தை சொல்லிவிட்டது. பாப்பாவுக்கு முந்தின நாளே ஆரம்பித்திருந்தது. சொன்னால் பதுளைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அத்தைக்குப் பயம். முந்தின வாரம் எங்கள் லயத்திலிருந்து போன ஒரு குழந்தை துணியில் சுற்றித்தான் திரும்பி வந்தது. அத்தை மகள் அப்போது வீட்டில் இல்லை. பாப்பாவின் துணிகளை அலசப் பீலிக்குப் போயிருந்தாள்.

நான் எண்ண ஆரம்பித்தேன். மனசுக்குள் எண்ணினால் எங்காவது ஓடிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் வாய் விட்டு, சத்தமாக எண்ணினேன். ஐம்பது, கரண்டி. ஒன்று, இரண்டு, மூன்று. முதல் அரை மணி நேரத்தில் பாதி வெளியே வந்தது. நூறு எண்ணி மறுபடி கொடுத்தேன். என் கண்ணை அவன் உதட்டை விட்டு எடுக்கவில்லை.

முதலில் வந்தது அத்தை. கோயிலுக்குப் போகக் கிளம்பி, தலையில் படங்கைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தது. போத்தலைப் பார்த்ததும் பதறிவிட்டது. வயிற்றால் போகிற பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் காட்டக் கூடாது என்பதுதான் எங்கள் லயத்து வைத்தியம். அத்தை அதை நம்பியது, அத்தையின் அம்மா நம்பியது, எங்கள் அம்மாவும் நம்பியது.

"ஓட்டச் சட்டியில ஊத்துனா நிக்குமாடி? ஊத்த ஊத்தத்தான போகுது. வயித்தக் காயப் போடு" என்று சொல்லிப் போத்தலைப் பிடித்து இழுத்தது. நான் போத்தலை முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று எண்ணினேன். அத்தை கெட்ட மனுஷி இல்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் அதன் சட்டியில்தான் நான் சாப்பிட்டிருக்கிறேன். தம்பிக்கு ஏதாவது ஆனால் அந்தப் பழி உன் தலையில்தான் என்று அழுதுகொண்டே போனது.

போகும்போது தன் காம்பரா வாசலில் வேப்பிலை கட்டியது. தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கில் இருக்கிற கோயில் பூசாரியிடம் மந்திரித்துத் திருநீறு வாங்கி வருகிற வரைக்கும் பிள்ளை வாசலைத் தாண்டக் கூடாது, பிள்ளையை விட்டு நீயும் தாண்டக் கூடாது என்று மகளிடம் சொன்னது சுவருக்கு மேலாகக் கேட்டது. அம்மாள் விஷயத்தில் நாங்கள் யாரும் விளையாடுவதில்லை. அவள் சரி என்றாள்.

அப்புறம் கங்காணி வந்தார். லயத்தில் வேலைக்கு வராதவர்கள் யார் யார் என்று பார்க்க வந்தவர். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று அப்பா எங்கே என்று கேட்டார். கங்காணி வாசலில் நிற்கும்போது உட்கார்ந்திருந்த பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? காய்ச்சலில் கிடப்பவர்கூட எழுந்து சுவரில் சாய்ந்து நிற்பார். நான் எழவில்லை, பதிலும் சொல்லவில்லை, பத்தொன்பது, இருபது என்றேன். அவருக்குக் கோபத்தில் காது சிவந்தது. கம்பை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்தவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். கம்பை இறக்கினார். திரும்பிப் போய்விட்டார். எண்ணிக்கை பிசகவில்லை. அதில் எனக்கு ஒரு திமிர் வந்தது. பராக்கு என்றீர்களே, பாருங்கள் என்று நினைத்தேன்.

மழை கூடியது. தகரத்தில் ஓட்டை இருந்த இடத்திலிருந்து தண்ணீர் என் தோளில் சொட்டியது. நகரவில்லை. சிறுநீர் முட்டியது. எழுந்து போனால் எண்ணிக்கை நின்றுவிடும் என்று அப்படியே போய்விட்டேன், பாவாடை நனைந்தது. போத்தல் முடிந்ததும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, எண்ணிக்கொண்டே சீனி டப்பாவைத் திறந்து, எண்ணிக்கொண்டே கலந்தேன். அவன் கழுத்து என் தோளில் நிற்காமல் விழுந்து விழுந்து போனது. ஐம்பது சொல்லும்போதெல்லாம் அவன் வாயைத் திறப்பானா என்று பார்ப்பேன். திறந்தான் என்றால் இன்னும் ஓர் ஐம்பதுக்கு உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் சுவருக்கு மேலாக அவள் கூப்பிட்டாள்.

"அடியே, அந்தத் தண்ணியில என்னாடி போடணும்? டிஸ்பென்சர் ஐயா என்னா சொன்னாரு?"

நான் இருபத்திரண்டில் இருந்தேன். ஐம்பது வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். ஐம்பது வந்தது. கரண்டி போனது. கரண்டி போனதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்று சொன்னால் இரண்டு. ஐம்பதுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இடமே இல்லை.

"உப்பாடி, சீனியாடி? ரெண்டுமா? பாப்பா கண்ண மேல சொருகுறாடி."

நான் இன்னும் சத்தமாக எண்ணினேன். அவள் குரல் என் எண்ணிக்கைக்குள் வந்துவிடக் கூடாது என்று எண்ணினேன். ஒரு சொல் பேசினால் தம்பி போய்விடுவான் என்று அந்த நேரத்தில் சத்தியமாக நம்பினேன். மூன்றாவது தடவை அவள் ஒன்றும் கேட்கவில்லை, என் பெயரை மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆமாம், அப்படித்தான் இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூன்றாவது போத்தலில் பாதி போயிருக்கும். மடியில் சூடாக ஏதோ பரவியது. தம்பி ஒண்ணுக்குப் போயிருந்தான். வயிற்றைக் கிள்ளினேன், தோல் மெதுவாக இறங்கியது. அவன் கரண்டியைக் கையால் பிடிக்கப் பார்த்தான். அப்போதும் நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. மலையிலிருந்து ஆட்கள் திரும்பும் நேரத்தில் டிஸ்பென்சர் ஐயா தொப்பலாக நனைந்து வந்தார். போதும் நிறுத்து என்றார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கரண்டியை வாங்கினார்.

வேலை முடிந்து வந்தவர்களை இஸ்தோப்பில் கூட்டி, அவர் என்னைக் காட்டிப் பேசினார். படித்த பெரியவர்கள் செய்யாததை இந்தப் பிள்ளை செய்திருக்கிறாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றார். என்ன கலந்தேன், எப்படிக் கொடுத்தேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கீழே ஓடை பெருகியதால் மேல் கணக்கில் மாட்டிக்கொண்டிருந்த அத்தை அந்த நேரம்தான் திருநீற்றுப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு ஓடி வந்தது. கூட்டத்தை விலக்கி, வேப்பிலைக்குக் கீழே குனிந்து உள்ளே போனது. அப்புறம் அது அலறிய சத்தம் பத்துக் காம்பராவுக்கும் கேட்டது.

பாப்பாவை மறுநாள் ஓடைக் கரையில் புதைத்தார்கள். பாதையில் மண் சரிந்து கிடந்ததால் அப்பாவும் அம்மாவும் மூன்றாம் நாள்தான் பதுளையிலிருந்து பசறை வரைக்கும் பஸ்ஸில் வந்து, மீதியை நடந்து வந்தார்கள். அம்மா தம்பியைத் தடவிப் பார்த்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. அதற்குப் பிறகு யாரும் என்னைப் பராக்கு என்று கூப்பிடவில்லை.

அத்தை மகளுக்கு விழுந்த பேச்சு வேறு. பக்கத்துக் காம்பராவில் ஒருத்தி பகல் முழுக்க அசையாமல் உட்கார்ந்து பிழைக்க வைத்தாளே, நீ என்னடி செய்துகொண்டிருந்தாய் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். அத்தை விறகுக் கட்டையால் அடித்தது. அடி விழுகிற சத்தம் சுவருக்கு மேலாக வந்தது. அவள் கேட்டாள், நான்தான் சொல்லவில்லை என்று எழுந்து போய்ச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்தச் சமயம் மடியில் தம்பியும் இல்லை, கையில் கரண்டியும் இல்லை. நான் போகவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை, அடி வாங்கும்போதுகூட. பெரியவர்கள் ஒருவராவது எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தி ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு ஒரு நல்ல பிள்ளையும் ஒரு கெட்ட பிள்ளையும் கிடைத்துவிட்டார்கள், அது போதுமாக இருந்தது.

இப்போது இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தவளாகச் சொல்கிறேன். எண்ணிக்கை எல்லாம் முக்கியமே இல்லை. ஐம்பதோ எழுபதோ, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். கடிகாரம் இல்லாத வீட்டில் ஒரு சிறு பெண்ணுக்குப் புரிவதற்காக அந்த மனிதர் ஓர் எண்ணைச் சொன்னார். நான் அதைச் சாமியாக்கிக் கும்பிட்டேன்.

நாங்கள் அதற்குப் பிறகும் பேசினோம். பீலியில் பார்த்தால் பேசுவோம், விறகுக்குச் சேர்ந்து போவோம். சுவருக்கு மேலாக மட்டும் பேசவில்லை. அடுத்த சித்திரையில் அவர்களை இந்தியாவுக்கே திருப்பி அனுப்புகிற அரசாங்கக் கடதாசி வந்தது. தகரப் பெட்டி, அம்மி, பாய்ச் சுருட்டு எல்லாம் லொறியில் ஏற்றி, லயமே பதுளை ஸ்டேஷனுக்குப் போனது. அத்தை ஒவ்வொருத்தரையாகக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தது. என்னையும் கட்டிப்பிடித்தது, தம்பியை வாங்கி முத்தம் கொடுத்தது.

ரயில் பெட்டிக் கதவோரம் நின்ற அத்தை மகள் என்னைக் கிட்டே வரச் சொன்னாள். அவள் அழவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அன்னிக்கு நீ எண்ணுனதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு. ஒன்னோட எண்ணிக்கைக்குத்தான் நானும் பாப்பாவுக்குக் குடுத்தேன். நீ அம்பதுன்னு சொல்லுறப்ப நானும் ஒரு கரண்டி. வெறுந்தண்ணி."

 கார்ட் விசில் ஊதினார்.

"என்னா போடணும்னு இப்ப எனக்குத் தெரியும். ஊரே சொல்லுது. இருந்தாலும் நீ ஒரு தடவ சொல்லு."

"ஒரு கை சீனி" என்றேன். "மூணு விரல் உப்பு."

அவள் மேற்கொண்டு ஏதாவது வருமா என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டி நகர ஆரம்பித்தது.

"அவ்வளவுதானாடி?" என்று கேட்டாள்.